நான் அழித்துவிட்ட பென்சில் கோடுகள்

புஜ்ஜி,

இருபத்தொன்பது வயது ஆளைத் தெருவில் வைத்து இப்படிக் கூப்பிடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா தொட்டிலில் பார்த்ததும் வைத்த செல்லப் பெயர் அது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கும் சர்ட்டிபிகேட்டுக்கும் போய்விட்டது, வீட்டில் இதுதான் நின்றது. இப்போது கோபித்துக்கொள்ள நீ இல்லை. நான் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. வரும் திங்கட்கிழமை உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய மேடம் உன் பெயர் போட்ட கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறார். சீப்பு ஜெல்லி என்கிற கடல் பூச்சிகளில் எது எதற்குச் சொந்தம், எந்தக் கிளையில் எது வரும் என்று நீ நாலு வருடம் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அதில் வருகிறது. நீ கையால் வரைந்த மரப்படமும் வருகிறது. அந்தப் படத்தில்தான் ஒரு சந்தேகம். சந்தேகத்துக்குக் காரணம் நான். கல்லறையில் நின்று உன்னிடம் முணுமுணுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். இறந்துபோன பிள்ளையின் மேசையைச் சுத்தம் செய்யப் போகிற இன்னொரு தாய் இதைப் படித்தால் கையை நிறுத்தட்டும்.

உனக்குத் தெரியும், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். செகந்திராபாத் பக்கம் திருமுல்கேரியில் பட்டாளத்துக்காரர்களுக்கு யூனிபார்ம் தைக்கிற கடையில் இருபத்திரண்டு வருடமாகக் காஜா போடுகிறேன், பொத்தான் தைக்கிறேன். மாஸ்டர் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கொடுப்பார். தைத்து முடித்ததும் அந்தக் கோட்டைத் தட்டி, ஈரத்துணியால் ஒற்றி, இஸ்திரி போட்டுத்தான் மடிக்கவேண்டும். ஒரு சட்டையில் கோடு தெரிந்தாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். உன் ஸ்கூல் ரெக்கார்டு நோட்டிலும் அப்படித்தானே செய்தோம். நீ பென்சிலால் தவளை வரைவாய், அதன்மேல் பேனாவால் இழுப்பாய், காய்ந்ததும் நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு விளையாடப் போவாய். நான் ரப்பரால் பென்சிலை எடுத்துக் கொடுப்பேன். படம் பளிச்சென்று ஆகிவிடும். உன் படிப்பில் நான் கைவைத்த வேலை அது ஒன்றுதான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை.

அப்புறம் நீ இங்கே தார்நாகாவில் இருக்கிற ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாய். என்ன ஆராய்ச்சி என்று கோயிலில் கேட்பார்கள். கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடல் பூச்சியைப் பார்க்கிறான் என்று சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மருந்து கண்டுபிடிக்கிறான் என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பெண் பார்த்தபோதும் அதையேதான் சொன்னேன். அந்தப் பெண்ணின் அப்பா எந்த வியாதிக்கு மருந்து என்று உன்னிடமே கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு அவரிடம் பொறுமையாக, "மருந்தெல்லாம் இல்ல அங்கிள், சீப்பு ஜெல்லி" என்று சொல்லி, போனை எடுத்துக் காட்டவும் ஆரம்பித்துவிட்டாய். அந்தச் சம்பந்தம் வரவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது உங்கப்பா மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார். உன்னைப் பற்றி நான் வெட்கப்பட்ட ஒரே காரணம் அதுதான், புஜ்ஜி. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

நீ விசாகப்பட்டினம் போய்வந்த முதல் தடவை அடுப்படியில் வைத்து எனக்கு அதைக் காட்டினாய். தண்ணீருக்குள் தண்ணீரால் செய்த நெல்லிக்காய் மாதிரி என்னமோ மிதந்தது.

"இன்னாடா, ஒண்ணுமே இல்லாத கீது."

"கீது மா, நல்லா பாரு. ஓரமா எட்டு கோடு ஓடுது பாரு."

பார்த்தேன். உச்சியிலிருந்து அடிவரை எட்டு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மயிரிழைகள் சீப்புப் பல் மாதிரி அடுக்கியிருந்தன. அவை அலை அலையாக அசைய, பச்சை, நீலம், சிவப்பு என்று நிறம் ஓடியது. அது விளக்கு இல்லை, வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுகிறது என்றாய். வலை போட்டால் கிழிந்துவிடும், குவளையால் மொண்டுதான் எடுக்கவேண்டும் என்றாய். மற்றதையெல்லாம் மருந்துத் தண்ணீரில் போட்டு வைக்கலாம், இதைப் போட்டால் பாதி கரைந்தே போய்விடும் என்றாய். இவ்வளவு பாடுபட்டு எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். நீ சிரித்தாய். சொறிமீன் மாதிரிதானே இருக்கிறது என்றேன். அதற்கு நீ சிரிக்கவில்லை.

சொறிமீன் கொட்டும், இது கொட்டாது, இது பசை மாதிரி ஒட்டி இரையைப் பிடிக்கும் என்று சொன்னாய். இரண்டும் கண்ணாடி மாதிரி இருப்பதால் ஒரே குடும்பம் என்று ரொம்பக் காலம் புத்தகத்தில் போட்டு வைத்திருந்தார்களாம். எனக்கு ஏறவில்லை என்று தெரிந்ததும், செகந்திராபாத் கல்யாணத்தை ஞாபகப்படுத்தினாய். கோயில் ஹாலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன், அச்சு அசல் எங்கள் வீட்டு மூக்கு. இறந்துபோன என் அண்ணன் மகள்தான் வேலூரிலிருந்து வந்திருக்கிறாள் என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன், மேடைக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் பெண் வீட்டாரோடு நிற்கவைத்துப் போட்டோவும் எடுத்தேன். கடைசியில் அவள் வீடியோ எடுக்க வந்தவரின் மனைவி. பாவம், ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். "அதேதான் மா இதுவும். மூக்க பாத்து மேடையில ஏத்திட்டாங்க" என்றாய். அப்போது புரிந்தது.

அதற்கு நேர்மாறாகவும் ஒன்று சொன்னாய். பாறையில் ஒட்டிக்கொண்டு, ஈரத்துணி விழுந்து கிடப்பது மாதிரி ஒன்று ஊருமாம். சீப்பே இருக்காதாம். பார்த்தால் யாரும் சொந்தம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் குஞ்சாக இருக்கும்போது அதற்கும் எட்டு வரிசைச் சீப்பு இருக்கும், வளர்ந்த பிறகுதான் உதிரும் என்றாய். அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். கை மாதிரி நீளுகிற இழை உள்ளது ஒரு வகை, இல்லாதது ஒரு வகை என்று பிரித்து வைத்ததும் சரியில்லை, இழை இல்லாதது முன்பு இருந்து இழந்ததாக இருக்கலாம் என்றாய். இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்றால், வெளியே பார்க்காமல் உடம்புக்கு உள்ளே இருக்கிற டி.என்.ஏ. எழுத்தைப் படிக்கிறோம் என்றாய். நான் மொச்சை உரித்துக்கொண்டே கேட்டேன். பாதி காதில் விழும், பாதி குக்கர் சத்தத்தில் போகும்.

உன் பெரிய சண்டை வேறு. இந்த உலகத்தில் ஆடு மாடு மீன் மனிதன் எல்லாவற்றுக்கும் ஒரே மரம், அதில் அடியில் முதலில் பிரிந்து போன கிளை எது என்பது. கடற்பஞ்சு என்பார்கள் பலர். அதற்கு நரம்பில்லை, வயிறில்லை, ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அதுதான் முதலில் போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. சீப்பு ஜெல்லிதான் முதலில் போனது என்று நீ சொன்னாய். அதற்கு நரம்பு இருக்கிறதே என்றால், நரம்பு இரண்டு தடவை தனித்தனியாக உண்டாகியிருக்கலாம், இல்லாவிட்டால் பஞ்சு அதைத் தொலைத்திருக்கலாம் என்றாய். உன் மேடம் பஞ்சு பக்கம். தினமும் அங்கே சண்டை போட்டுவிட்டு வந்து இங்கே சோறு தின்றாய்.

அப்படியானால் யார் மூத்தவர் என்று கேட்டேன். "மூத்தது இளையதுன்னு இல்ல மா. எல்லாத்துக்கும் வயசு ஒண்ணுதான். யாரு மொதல்ல தனிக்குடித்தனம் போனாங்கன்றதுதான் கேள்வி" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. கடையில் மறுநாள் மாஸ்டரிடம்கூடச் சொன்னேன். அவர் பொத்தானை ஒழுங்காகத் தைக்கச் சொன்னார்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை நீ பெரிய சார்ட் பேப்பரில் படம் போட்டுக்கொண்டிருந்தாய். எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடும், ஆனாலும் கையால் இழுத்தால்தான் எனக்கு விளங்கும் என்பாய். வெள்ளிக்கிழமை ஜுரம். அன்றைக்கே மேடத்துக்குப் போன் செய்து, படத்தில் ஒரு இடம் பேசவேண்டும், வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய். அது எனக்கு அப்போது தெரியாது. ஒன்பது நாள். டெங்கு என்றார்கள். ரத்தம் ஏற்றினார்கள். டாக்டர்கள் செய்யவேண்டியதையெல்லாம் செய்தார்கள், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குமேல் அதை எழுத முடியாது.

அடக்கம் முடிந்த பதினோராம் நாள் உன் மேசையைத் துடைத்தேன். சார்ட் அப்படியே கிடந்தது. கறுப்பு மையில் மரம், கிளைக்குக் கிளை உன் பொடி எழுத்து. அடிப்பக்கத்தில், மைக்கோடுகளுக்கு இடையில், பென்சில் கோடுகள் இருந்தன. நாலைந்து இருக்கும். நீ பேனாவால் இழுத்துவிட்டாய், பென்சிலை எடுக்க மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவே இல்லை, கை போய்விட்டது. உன் டப்பாவிலிருந்தே ரப்பரை எடுத்தேன். அழுதுகொண்டே, ஒரு பொட்டு விடாமல், மை கலையாமல் எடுத்தேன். காகிதம் சுருண்டிருந்தது. அதன்மேல் ஈரத்துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரியும் போட்டேன். சட்டை மாதிரி நின்றது. உனக்கு நான் கடைசியாகச் செய்த வேலை என்று அன்றைக்கு மனசு கொஞ்சம் ஆறியிருந்தது என்றுகூடச் சொல்லவேண்டும்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு மேடமும் உன் கூட்டாளி இம்ரானும் வந்தார்கள். சார்ட்டைக் கொடுத்தேன். மேடம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். மையில் சீப்பு ஜெல்லிதான் முதல் கிளை, உன் கட்சிதான். மேடம் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கடைசியாகப் போனில் ஒரு இடம் பேசவேண்டும் என்றானே, இதில் பென்சிலில் ஏதாவது குறித்திருந்தானா, தனித்தாள் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். வீடு நிறைய ஜனம். இல்லை என்று தலையாட்டினேன்.

அந்தப் பொய் எனக்கு வசதியாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் அதற்கு முந்தைய படங்கள் என்று இம்ரான் தேடிப் பார்த்துச் சொன்னார். மேடம் தன் பக்கம் வேறாக இருந்தும் உன் படத்தை உன் படமாகவே போடப்போவதாகச் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் நீ ஜெயிக்கிறாய். நாலு வருடச் சண்டையில் என் பிள்ளை ஜெயிக்கிறான், நான் எதற்காகக் கெடுக்கவேண்டும் என்று இருந்துவிட்டேன். கடையில் காஜா போடும்போதெல்லாம் ஊசி கையில் ஏறியது.

உங்கப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். சனத்நகர் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ அழிச்ச. நீயே போயி சொல்லு."

"நம்ம புள்ள தோத்துட்டா?"

"அவன் இன்னா கபடியா ஆடினான்? எழுதினத பாதி நீ அழிச்சிட்டு மீதிய காட்டி அவன் ஜெயிச்சான்னு சொல்லுவியா?"

கூடவே வருகிறேன், ஆனால் வாய் திறக்கமாட்டேன் என்றார். அப்படியே செய்தார். பஸ்ஸிலும் திறக்கவில்லை.

போன புதன்கிழமை தார்நாகா போனோம். உன் ஜன்னல் ஓர மேசையில் இப்போது ஒரு மலையாளப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்காரு தாயே என்றேன். மேடத்தின் அறையில் எனக்குத் தெரிந்த தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பரைச் சொன்னேன். இஸ்திரியைச் சொல்லும்போது மேடம் கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்துபோய்ச் சார்ட்டைக் கொண்டுவந்தார். இம்ரான் போன் லைட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தார், பென்சில் அழுத்திய பள்ளம் எங்காவது தெரிகிறதா என்று. ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் தெரிந்த மாதிரி இருந்தது, அது துணியின் மடிப்புத் தடம். நான் வேலையை நன்றாகக் கற்றவள், புஜ்ஜி. ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இம்ரான் லைட்டை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரோனா நக்கோ ஆன்ட்டி" என்றார். அழாதீர்கள் என்று சொன்னவர் முதலில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கோடு எங்கே ஆரம்பித்தது? அடிமரத்தில். எந்தப் பக்கம் போனது? தெரியவில்லை. பஞ்சு என்று எழுதிய இடத்துக்கா, சீப்பு ஜெல்லி என்று எழுதிய இடத்துக்கா? தெரியவில்லை. கேள்விக்குறி இருந்ததா? வளைவாக என்னமோ இருந்தது, கேள்விக்குறியா என்று சத்தியம் செய்யமாட்டேன். எனக்கு அந்த நேரம் ஒரு சபலம் வந்தது. அந்த அம்மாள் என்னை நம்புகிறார். நான் பஞ்சு பக்கம் என்று சொன்னால் பஞ்சு, ஜெல்லி பக்கம் என்றால் ஜெல்லி. படிக்காதவள் சொல்லுக்கு அவ்வளவு கனம் என் ஆயுசில் வந்ததில்லை. உங்கப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்றேதான் கடைசிவரை சொன்னேன்.

அப்போது மேடம் ஒன்று சொன்னார், என் தமிழில் எழுதுகிறேன். ஒரு பயணத்தில் கிடைத்ததிலேயே நல்ல ஜெல்லி ஒன்றை நீ பத்திரமாகக் கொண்டுவந்தாயாம். எந்த இடத்தில் மொண்டது என்று எழுதிய சீட்டு வழியில் நனைந்து போயிருக்கிறது. இரண்டு இடத்தில் ஒன்றாகத்தான் இருக்கும், யூகித்து எழுது என்று மேடமே சொன்னாராம். நீ, தெரியாது என்றால் தெரியாது என்றுதான் எழுதவேண்டும் மேடம் என்று சொல்லி, அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டாயாம். அன்றைக்கு உன்மேல் கோபம் வந்தது என்றார் மேடம். இதை நீ வீட்டில் சொன்னதே இல்லை.

மூன்று வழி இருக்கிறது என்றார். மைப்படத்தை அப்படியே போடலாம். இல்லாவிட்டால் தெரியாதபோது அவர்கள் செய்கிற மாதிரி, பஞ்சு, ஜெல்லி, மற்றவை மூன்றையும் ஒரே புள்ளியிலிருந்து பிரித்து, முடிவு செய்யவில்லை என்று காட்டலாம். இல்லாவிட்டால் படத்தையே எடுத்துவிடலாம். வாரிசு என்று கையெழுத்துப் போடவேண்டியது நாங்கள்தான், அதனால் நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

ஒரே புள்ளியிலிருந்து பிரித்துப் போட்டால் அது நீ போடாத படம். எடுத்துவிட்டால் இரண்டாம் தடவையும் நானே அழித்த மாதிரி. மைப்படத்தைப் போடுங்கள் என்றேன். ஆனால் கீழே எழுதவேண்டும் என்றேன், இதில் பென்சில் கோடுகள் இருந்தன, அவை என்ன சொல்லின என்று தெரியாது, எழுதியவனின் தாய் அறியாமல் அழித்துவிட்டாள் என்று. தாய் என்று போடவேண்டாம், அழிந்துவிட்டன என்றால் போதும் என்றார் மேடம். தானாக அழியவில்லையே அம்மா என்றேன். நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே உங்கப்பாவும் போட்டார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்த மேடம் ஒன்று கேட்டார். என்னைப் பழிக்க அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேனாவுக்கு முன்னால் போட்டுப் பார்த்து வேண்டாம் என்று விட்ட கோடாக இருந்தால், மையில் இருப்பதுதான் உன் முடிவு. பேனாவால் எல்லாம் இழுத்த பிறகு மறுபடி பென்சிலை எடுத்திருந்தால், நீ மனசு மாறத் தொடங்கியிருக்கிறாய். பின்னால் போட்டதாக இருந்தால் பென்சில் மையின்மேல் ஏறி மினுமினுத்திருக்கும், கவனித்தீர்களா என்று கேட்டார். நான் ஆயிரம் சட்டையில் இழையின்மேல் இழை ஏறியதா இறங்கியதா என்று பார்க்கிறவள். அதில் மட்டும் பார்க்கவில்லை. கண் நிறையத் தண்ணீர் இருந்தது.

ஜுரத்துக்கு முந்தின நாள், அந்த வியாழக்கிழமை சாயங்காலம், உனக்கு டீ கொண்டுவந்து வைத்தேன். நீ தலை நிமிராமல், "வெச்சிட்டு போ மா" என்றாய். நின்று பார்த்திருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது, போய்விட்டேன். வரும் திங்கட்கிழமை கட்டுரை போய்விடும். யார் யாரோ படிப்பார்கள், சண்டை போடுவார்கள், ஒருநாள் முடிவும் கண்டுபிடிப்பார்கள். அது அவர்கள் பாடு. எனக்கு வேண்டியது அது இல்லை. நான் டீயை வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு, புஜ்ஜி, நீ பேனாவை மூடிவிட்டு மறுபடியும் பென்சிலைக் கையில் எடுத்தாயா?